பட்டணம்காத்தான் தட்டச்சுக் கடையும் எங்கள் வாரிசு வேலை மனுவும்

அரசுப் பணியில் இருந்த என் தந்தை காலமான பின், கருணை அடிப்படையிலான பணி நியமனத்திற்கு, எங்கள் பாம்பன் பேச்சில் சொன்னால் வாரிசு வேலைக்கு, மனு தயாரிக்க இராமநாதபுரம் பட்டணம்காத்தானில் உள்ள ஒரு கணினித் தட்டச்சுக் கடைக்கு நானும் அம்மாவும் சென்றோம்.

அதற்கு முன் ஓர் இடைத்தரகர், தேர்வே இல்லாத வேலை என்பதால் ஒன்பதாம் வகுப்போடு நின்று கடலுக்குப் போகும் என் தம்பிக்கே இளநிலை உதவியாளர் பணி வாங்கித் தருவதாகச் சொல்லி, அம்மாவிடம் 5,000 ரூபாய் பெற்றிருந்தார். அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை.

கடையை நடத்தும் அம்மையார் எங்கள் காகிதங்களைப் புரட்டியதும், விலக்கு என்பது தேர்வாணையத்தின் போட்டித் தேர்வுக்கு மட்டுமே, கல்வித் தகுதிக்கு அன்று என்று விளக்கினார். குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளராக வருபவருக்கு வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வாரிசாக வருபவருக்கும் வேண்டும். சேர்ந்த பிறகு பவானிசாகரில் உள்ள அரசுப் பணியாளர் பயிற்சி நிலையத்தில் பயிற்சியும் உண்டு. எட்டாம் வகுப்பு போதுமான அலுவலக உதவியாளர் பணிக்குத் தம்பி விண்ணப்பிக்கலாம் என்றார். வீட்டில் பேசி, பட்டம் முடித்த என் பெயரிலேயே மனு செய்தோம்.

அவர் அடுத்துப் பார்த்தது தேதியை. இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு ஐந்து மாதமே மீதமிருந்தது. பின்னர் வாரிசுச் சான்றை வரிவரியாகப் படித்து, "பாட்டி பேரும் இருக்கேம்மா, அவங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தந்தாங்களா?" என்று கேட்டார். அம்மா, நான், தம்பி ஆகிய மூவரையே நினைத்திருந்த எங்களுக்கு அந்தக் கேள்வி பேருதவி. பாட்டியின் கைரேகை இல்லாமல் கொடுத்திருந்தால் மனு திரும்பி வந்திருக்கும்.

வேலை உறுதி என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதற்காகவே அவரை மதிக்கிறேன். இந்த நியமனம் உரிமையன்று, சம்பாதித்தவரை இழந்து திடீர் வறுமைக்கு ஆளான குடும்பத்தைத் தாங்கும் விதிவிலக்கு என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே கூறியுள்ளது. அரசு வேலையில் சம வாய்ப்பை உறுதி செய்யும் அரசியலமைப்பின் 16-வது பிரிவை நம்பி ஆண்டுக்கணக்கில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். ஆகவே வறுமையை மெய்ப்பிக்கும் சான்றுகளைக் கண்டிப்பாகக் கேட்பதை நான் தொந்தரவாகக் கருதவில்லை.

குறை என்றால், அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தது. கேட்டதும் கட்டணமின்றித் திருத்தித் தந்தார். காத்திருப்போருக்கு ஒரே பெஞ்சுதான், அம்மா வெகுநேரம் நின்றார். ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திற்கு வருவோர் அங்கே நிறைந்துவிடுவதால், வேறொரு நாள் காலையில், மூலச் சான்றுகளோடு குடும்பத்தில் படித்த ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.