இன்னோவாவின் பின்கண்ணாடி: நிறுவனத்துடையதா, வெளிச்சந்தையுடையதா?

இன்னோவா போன்ற வண்டியின் பின்கண்ணாடி வெப்பத்தால் உறுதியூட்டப்பட்டது என்பதால், உடைந்தால் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். முன்கண்ணாடியில் விழும் சிறு விரிசலைப் பிசின் ஊற்றிச் சரிசெய்வதுபோல இதைச் சரிசெய்ய இயலாது, மாற்றியே ஆக வேண்டும்.

கார் நிறுவனத்தின் முத்திரையுடன் வரும் கண்ணாடியில் வளைவு, நிறம், வைப்பர் துளை, உள்ளே படியும் நீராவியை அகற்றும் டீஃபாகர் கோடுகளின் மின் இணைப்பு முனைகள் யாவும் அந்தந்த வண்டிக்கு ஏற்பவே அமைந்திருக்கும். விலைதான் பொதுவாகக் கூடுதல். அந்த முத்திரை இன்றி வெளியே விற்கும் வெளிச்சந்தைக் கண்ணாடி மலிவு என்பதாலேயே தரம் குறைந்தது என்று கொள்ள வேண்டியதில்லை, ஏனெனில் கார் நிறுவனங்களுக்குக் கண்ணாடி வழங்கும் ஏ.ஐ.எஸ். (அசாஹி இந்தியா கிளாஸ்) போன்ற நிறுவனங்களும் அங்கே விற்கின்றன. ஆனால் டீஃபாகர் உள்ள வண்டிக்கு அது இல்லாத கண்ணாடியைப் பொருத்திவிட்டால், மழைக்கால இரவில்தான் உரிமையாளருக்குத் தெரியவரும். பொருத்துமுன் பழைய கண்ணாடியின் அமைப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், குறைந்தது 70 விழுக்காடு ஒளி ஊடுருவலும் இரண்டுக்கும் பொது.

முழுக் காப்பீடு இருந்தால் கண்ணாடிக்கு, பொருள் பழசானதற்காகப் பிடிக்கும் தேய்மானக் கழிவு கிடையாது என்பதால், நிறுவனக் கண்ணாடியையே கேட்கலாம். ஆயினும் இழப்பீடு கோரினால் மறுஆண்டின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கோராதவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தரும் தள்ளுபடி) கைவிட்டுப் போகக்கூடும் என்பதையும் கணக்கிட வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ளவருக்கு, பெயர்பெற்ற வெளிச்சந்தைக் கண்ணாடியே என் பரிந்துரை. எதுவானாலும், ஒட்டும் பசை இறுகும்வரை பின்கதவை அடித்துச் சாத்தக் கூடாது.