சர்வர் படுத்துவிட்டால் எங்கே போவது? வண்ணார்பேட்டை மாடிக்கடையில் ஒன்றரை வருட அனுபவம்

முதலில் ஒன்று, இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்து ஆற்றுப்பாலம் தாண்டி வண்ணார்பேட்டைக்குள் நுழைந்து, ரவுண்டானாவுக்கு அருகில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியைத் தேட வேண்டும். மேலே ஒரே அறை, இரண்டு மேசை, ஒரு பழைய யுபிஎஸ், முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி. லினக்ஸ் சர்வர், வெப்சைட் கோளாறு, இது இரண்டும்தான் பார்ப்பார். லேப்டாப்பில் விண்டோஸ் போட்டுத் தரச்சொல்லிப் போனால் கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடமே கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார்.

நான் உடன்குடி கருப்பட்டியும் பத்தமடைப் பாயும் ஆன்லைனில் விற்கிறேன். 2019இல் நானே பிஎச்பி கற்றுக்கொண்டு தட்டுத்தடுமாறி எழுதிய சைட். சர்வரைப் பார்த்துக்கொள்ள வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு வருடா வருடம் பணம் கட்டிவந்தேன், பெயர் வேண்டாம். அவர்களிடம் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான், “ரீஸ்டார்ட் பண்ணிட்டோம் சார், இப்ப செக் பண்ணுங்க.” பாதி நேரம் சரியாகிவிடும் என்பதால் நானும் ஐந்து வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன்.

2024 ஆவணியில்தான் மாட்டிக்கொண்டேன். பத்தமடைக் கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பொண்ணு பெயரைச் சேர்த்து நெய்து தருவார்கள், தெரிந்திருக்கும். அதுவரை ஆர்டரில் பெயரை ஆங்கிலத்தில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த முகூர்த்த சீசனுக்குத் தமிழிலேயே பெயரைத் தட்டலாம் என்று பெட்டியைத் திறந்துவிட்டேன். முதல் இரண்டு ஆர்டர் ஒழுங்காக வந்தது. மூன்றாவது நாள் காலையில் போனில் ஆர்டர் பட்டியலைத் திறந்தால் ஒன்றுமே இல்லை, வெள்ளைத்தாள் மாதிரி காலி. கம்பெனி மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தது. அப்புறம் முழு சர்வரையும் அணைத்துப் போட்டது. பட்டியல் வரவில்லை. இதற்கு நடுவில் பாய் நெய்கிற அக்கா வேறு பத்தமடையில் இருந்து கூப்பிட்டு, “அண்ணாச்சி, சீட்டுல ரெண்டும் ஆம்பளைப் பேரால்லா இருக்கு, பொண்ணு பேரு எங்க?” என்று கேட்கிறார்.

ஒரு சிநேகிதர் சொல்லித்தான் இந்த மாடிக்குப் போனேன். போன கையோடு பாஸ்வேர்டை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினேன். தம்பி அதை வாங்கவில்லை. “அத மடிச்சு உள்ள வைங்க அண்ணாச்சி, நான் கேக்கவே இல்லலா. பேக்கப் எங்க இருக்கு, அத மொதல்ல சொல்லுங்க” என்றார். நான் சொன்ன பதிலைக் கேட்டு அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இருந்த ஒரே பேக்கப் ஒரு ஹார்ட் டிஸ்க், சிந்துபூந்துறை வீட்டில் தரைத்தளத்தில் மேசைக்கு அடியில் இருந்தது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தபோது அதுவும் முங்கிப்போனது. அதற்குப் பிறகு எட்டு மாதம் பேக்கப்பே இல்லாமல் வியாபாரம் செய்திருக்கிறேன். அன்றைக்கு அவர் செய்த முதல் வேலை டேட்டாபேஸை நகல் எடுத்ததுதான், அதன் பிறகே கோளாறைத் தொட்டார்.

அவர் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், நான் காசு கொடுப்பது இதற்காகத்தான். ரீஸ்டார்ட் பக்கமே போகவில்லை. “ரீஸ்டார்ட் பண்ணுனா சில நேரம் வந்துரும். ஆனா ஏன் போச்சுங்கிற தடயமும் சேந்து போயிரும்லா” என்றார். லேப்டாப்பில் ஆர்டர் பக்கத்தைத் திறந்து, பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைக் காட்டினார். சர்வர் 200 என்று பதில் அனுப்பியிருந்தது. 200 என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தம், ஆனால் அந்தப் பதிலுக்குள் இருந்தது 0 பைட். ஆக சர்வர் உயிரோடு இருக்கிறது, கேட்டதற்குப் பதிலும் சொல்கிறது, சொல்வதுதான் வெறும் காற்று. பக்கங்களை அனுப்புகிற என்ஜின்எக்ஸ் மென்பொருளின் லாகில், அதாவது பதிவேட்டில், பிழை இல்லை, பிஎச்பி லாகிலும் இல்லை. அப்புறம் என் கோடில் பட்டியலை ஜேசான் என்கிற தரவு வடிவத்துக்கு மாற்றுகிற வரிக்குக் கீழே, கடைசிப் பிழை என்ன என்று கேட்கிற ஒரு வரியைச் சேர்த்தார். 5 என்று ஒரு எண் வந்தது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கிற முறையான யுடிஎஃப்-8 உடைந்திருக்கிறது என்பதற்கான எண் அது.

எங்கே உடைந்தது? 2019இல் நானே எழுதிய ஒரு வரியில். பெயர் நீளமாக இருந்தால் சீட்டிலும் பட்டியலிலும் அழகாகத் தெரியாது என்று சப்ஸ்டர் என்கிற பிஎச்பி செயல்பாட்டைப் போட்டு 20க்கு மேல் வெட்டியிருந்தேன். அந்தச் செயல்பாடு எண்ணுவது எழுத்தை என்று நான் நினைத்திருந்தேன், அது எண்ணுவது பைட்டை. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதனால் ஐந்து வருடம் தெரியாமலே ஓடிவிட்டது.

தம்பி ஒரு தாளை எடுத்து நம்ம ஊர் உதாரணத்தையே எழுதினார், அல்வா. கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து: அ, ல, புள்ளி, வ, கால். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. இப்போது 20 பைட்டில் வெட்டினால் என்ன ஆகும்? 18 வரை ஆறு குறியீடு முழுசாக வரும், மிச்சம் இரண்டு பைட் அடுத்த குறியீட்டின் மூன்றில் இரண்டு பங்கு. முதல் ஆர்டர் பொண்ணு பெயர் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியாக 18 பைட், தப்பித்துவிட்டது. பிறகு வந்தது முத்துலட்சுமி மாதிரி ஒரு பெயர், 39 பைட். ‘முத்து’ வரை வந்து, ‘ல’ பாதியில் அறுந்து, சீட்டில் சாய்ந்த கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அக்கா முத்து என்று படித்ததில் தப்பே இல்லை. பிரவுசராவது கேள்விக்குறியைப் போட்டுச் சமாளித்தது, ஜேசானுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஒரே ஒரு பெயர் அறுந்திருந்தாலும் மொத்தப் பட்டியலையும் தரமாட்டேன் என்று கையை விரித்துவிடும். இதற்கு சர்வரை நூறு தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் என்ன பிரயோசனம்?

எம்பி என்று தொடங்குகிற சப்ஸ்டர் போட்டால் பைட் அறுபடாது, அது எனக்கும் ஓரளவு தெரியும். ஆனால் அதிலும் எழுத்துக்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவில் கத்தி விழலாம், ‘மி’ வெட்டுப்பட்டு ‘ம’ ஆகிவிடும் என்று காட்டினார். கண்ணுக்குத் தெரிகிற எழுத்துக் கணக்கில் வெட்ட கிராஃபீம் செயல்பாடுகள் தனியாக இருக்கின்றன, பிஎச்பியில் இன்டல் என்கிற நீட்சியைச் சேர்க்க வேண்டும். பட்டியலுக்கு அதைப் போட்டார். நெசவுச் சீட்டுக்கு வெட்டுவதையே எடுத்துவிட்டார். “பாயில இடம் இருக்குலா, பிறகு எதுக்கு வெட்டுதீய?” டேட்டாபேஸில் பெயர் முழுசாகத்தான் இருந்தது, அதனால் அக்காவுக்கு அன்றைக்கே சரியான சீட்டு போய்விட்டது. முழு வேலைக்கும் ஒன்றேகால் மணி நேரம், 700 ரூபாய்.

அதே மேசையில் இன்னொரு குண்டும் விழுந்தது. சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது சென்ட்ஓஎஸ் 7 என்கிற லினக்ஸ் பதிப்பு. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. நான் பணம் கட்டிக்கொண்டிருந்த கம்பெனி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புரட்டாசியில் எல்லாவற்றையும் டெபியன் 12 உள்ள புதிய சர்வருக்கு மாற்றினோம். பழைய பிஎச்பியில் எழுதிய கோடைப் புதிய பதிப்புக்குத் திருத்தவே நான்கு நாள் பிடித்தது, அதில் மூன்று நாள் நான்தான் உட்கார்ந்து அடித்தேன், அவர் பக்கத்தில் இருந்து எங்கே உடைகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இது எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்புறம் வந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். தீபாவளிக்கு முந்தின வாரம் டேட்டாபேஸ் திடீர் திடீரென்று நின்றது. லினக்ஸின் உட்கருவான கெர்னலின் லாகைப் பார்த்தால் மெமரி தீர்ந்துபோய் கெர்னலே அதைக் கொன்றிருக்கிறது. சர்வரில் மொத்தம் 1 ஜிபி, நானோ ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கவனிக்கிற பிஎச்பி வேலையாட்கள் 20 பேர் வரை வரலாம் என்று விட்டிருந்தேன், ஆளுக்கு 60 எம்பி. பெருக்கிப் பாருங்கள். ஆறாகக் குறைத்து, மெமரி போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப் 2 ஜிபி போட்டதும் அடங்கிவிட்டது. பொருள் படம் ஏறவில்லை என்று ஒரு தடவை போனேன், அமைப்புக் கோப்பில் தனியாக எழுதாவிட்டால் என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் வாங்காதாம், ஒரு வரி, காசே வாங்கவில்லை. பேக்கப்பை ராத்திரி 2 மணிக்கு வைத்திருந்தும் காலை ஏழரைக்கு சைட் ஏன் இழுக்கிறது என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, சர்வர் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் யுடிசியில் ஓடுவதைக் காட்டினார்.

டிஸ்க் நிரம்பிய கதை மட்டும் சொல்ல வேண்டும், அது முழுக்க என் கைவேலை. 9 ஜிபிக்கு வீங்கியிருந்த லாக் கோப்பை அழித்துவிட்டேன், ஆனாலும் டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் என்றே காட்டுகிறது, கோப்புகளின் அளவைக் காட்டும் டியூ போட்டுக் கூட்டினால் பாதிதான் வருகிறது. மீதி எங்கே? கோப்பின் பெயரைத்தான் நான் அழித்திருக்கிறேன், என்ஜின்எக்ஸ் அதை இன்னும் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிறது. அது கையை விடும்வரை இடம் திரும்பி வராது. “குடியிருக்கவர காலி பண்ணாம கதவு நம்பர மட்டும் அழிச்சிட்டீய அண்ணாச்சி” என்றார். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு அந்தக் கோப்பு பெரிதாக உட்கார்ந்திருந்தது. இந்த ஒரு விஷயத்தில் ரீஸ்டார்ட் பலித்திருக்கும் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

இனி குறைகள். கடை காலை 11 மணிக்குத்தான் திறக்கும். மத்தியானம் இரண்டில் இருந்து நான்கு வரை பூட்டு. போனை எடுக்கவே மாட்டார், வாட்ஸப்பில் குரல் அனுப்பினால் சாயங்காலம் பதில் வரும். ஆனித் தேரோட்டம் அன்றைக்கு என் சைட் படுத்துக் கிடந்தபோது ஆள் டவுனில் வடம் பிடித்துக்கொண்டிருந்தார், மறுநாள்தான் கிடைத்தார். டிசைன் வேலை, கலர் மாற்றுவது, பேனர் இதெல்லாம் கேட்காதீர்கள், காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். பில் கேட்டால் தருவார், ஆனால் இரண்டு தடவை கேட்க வேண்டும். முக்கியமாக, பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தக் கடை ஆகாது. ‘எப்படியாவது ஓடவச்சிக் குடு’ என்று நின்ற ஒரு வாடிக்கையாளரைக் கண்முன்னாலேயே திருப்பி அனுப்பினார், எனக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அந்த மனிதருக்கு அன்றைக்குச் சம்பள நாளாக இருந்திருக்கலாம், யார் கண்டது.

தடவைக்கு 700, மாதக்கணக்கு என்றால் 1,500. நான் முதல் வருடம் கஞ்சத்தனமாகத் தடவைக் கணக்கில்தான் இருந்தேன். அதற்கும் அனுபவித்தேன். போன வருடம் எங்கோ படித்துவிட்டு, வெளியிலிருந்து இணைப்பு வருகிற 80ஆம் போர்ட் பாதுகாப்பில்லை என்று ஃபயர்வாலில் அடைத்துவிட்டேன். சைட்டின் பாதுகாப்பான இணைப்புக்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும், என் சர்வரில் அதைப் புதுப்பிக்கும்போது சரிபார்ப்பு அந்த 80ஆம் கதவு வழியாகத்தான் வரும். முன்பெல்லாம் காலாவதி ஆகப்போகிறது என்று மெயில் வரும், அதையும் 2025 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். சான்றிதழைப் புதுப்பிக்கிற செர்ட்பாட் நிரல் பாவம், நாளுக்கு இரண்டு தடவை முயன்று தோற்று, ஒவ்வொன்றையும் லாகில் எழுதி வைத்திருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. ஆவணி முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் வாடிக்கையாளர் எல்லோருக்கும் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்புப் பக்கம். பாதுகாப்புக்காக நான் செய்த காரியத்தின் லட்சணம் அது. மறுநாளே மாதக்கணக்குக்கு மாறிவிட்டேன். இப்போது சான்றிதழ், டிஸ்க், மெமரி மூன்றையும் அவர் பார்த்துக்கொள்கிறார், மாதம் ஒரு நாள் பேக்கப்பை வேறொரு இயந்திரத்தில் விரித்து ஆர்டர் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துச் செய்தி அனுப்புகிறார்.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், அரை மார்க் அந்த மத்தியானப் பூட்டுக்காக.

அவர் மேசையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கும், மளிகைக் கடையில் வைத்திருப்பார்களே, அது. ஒவ்வொரு வேலைக்கும் தேதி போட்டு இரண்டு பத்தி எழுதுவார். இடது பக்கம் ‘சொன்னது’, வலது பக்கம் ‘இருந்தது’. அதற்குக் கீழே என்ன மாற்றினார், பழையபடி ஆக்க என்ன செய்ய வேண்டும் என்பது. என் பக்கத்தைக் கேட்டு வாங்கி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வரியில் இடது பக்கம் ‘சர்வர் செத்துப்போச்சு’, வலது பக்கம் ‘பொண்ணு பேரு நீளம்’.

போகிறவர்கள் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள், பாஸ்வேர்டுக்குப் பதிலாக சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியை உங்கள் இயந்திரத்தில்தான் உண்டாக்கச் சொல்வார். மாடிப்படியில் மூன்றாவது படி பெயர்ந்திருக்கிறது, பார்த்து ஏறுங்கள்.