எம்1903ஏ4 நகலைச் சோதிக்க எந்தத் தோட்டா: 150 கிரெய்னா, 168 கிரெய்னா?

ரெமிங்டன் நிறுவனம் 1943-44இல் தயாரித்த ஸ்னைப்பர் துப்பாக்கியின் நகல் இது. இரண்டு தோட்டாவும் .30-06 என்ற ஒரே அளவுதான்; கிரெய்ன் என்பது பறக்கும் குண்டின் எடை அளவு.

விலை: 150 கிரெய்ன், எம்2 ராணுவ வகை, மலிவு. 168 கிரெய்ன், மேட்ச் எனும் போட்டித் தர வகை, கையைக் கடிக்கும்.

துல்லியம்: 100 கஜத்தில் எம்2 வகையின் ஐந்து துளைகள் 3 அங்குலம் விரிந்தாலும் துப்பாக்கியைக் குறை சொல்ல முடியாது. மேட்ச் தோட்டாவும் அப்படியே விரிந்தால் கோளாறு பெரும்பாலும் துப்பாக்கியில்தான்.

அப்போது முதலில் ஸ்கோப் மவுன்ட்டை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியைத் தாங்கும் பிடியை, பாருங்கள். ரெட்ஃபீல்ட் வகையில் பின்பக்க வளையத்தை இரண்டு பக்கத் திருகுகள் எதிரெதிராக நெருக்கிப் பிடிக்கும். ஒன்று தளர்ந்தாலே துளைகள் இடவலமாகச் சிதறும். குழல் சூடேறச் சூடேற துளைகள் மேல்நோக்கி ஏறினால், துப்பாக்கியின் மரக்கட்டை குழலை எங்கோ அழுத்துகிறது. ஐந்து சுட்டதும் ஆறவிடுங்கள்.

சுலபம்: வித்தியாசமில்லை. ஸ்கோப் மறைப்பதால் கிளிப் (பல தோட்டாக்களை ஒரே தடவையில் நிரப்பும் பட்டை) நுழையாது, எதையும் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும்.

துப்பாக்கியின் தரத்தை அளக்க 168. அந்தக் கால வீரருக்குக் கிடைத்த துல்லியத்தை உணர 150. ஒரே குழுமத்தில் (ஒரே இலக்கில் தொடர்ந்து சுடும் ஐந்து துளைகளில்) இரண்டையும் கலக்காதீர்கள்.