அரிட்டாபட்டி இயற்கை நடை: ஒரு மதிப்பீடு

மேலூர் அருகே அரிட்டாபட்டியில் ஊர் இளைஞர்கள் நடத்தும் காலை நடை, பறவைகளைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், இயற்கை அழிந்தால் நாட்டின் பாதுகாப்பு என்னவாகும் என்ற கேள்வியையும் எழுப்புகிறது. அந்தக் கேள்விக்காகவே இதை மதுரைக்காரர்கள் அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்.

193.42 ஹெக்டேர் பரப்புள்ள இவ்விடம் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வழிகாட்டி முதலில் அழைத்துச் செல்வது குடைவரைக் கோயிலுக்கோ தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுக்கோ அல்ல. பாறையில் விழும் மழை சுனைகளில் தங்கி, ஓடையாகிக் கண்மாய்க்கு இறங்கும் தடத்துக்கு. பருவமழை தவறுவதும் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதும் மாறிமாறி வரும் இக்காலத்தில், கீழே உள்ள வயல்களுக்கு அந்தத் தடமே காப்பு என்பதை அவர் நின்று நிதானமாக விளக்குகிறார். லகர் வல்லூறும் தேவாங்கும் அழுங்கும் (எறும்புத்தின்னி) இங்கு வாழ்வதற்கும் அந்த ஈரம் ஓர் ஆதாரம்.

நடையின் சிறந்த பகுதி டங்ஸ்டன் பற்றியது. 2024 நவம்பரில் ஏல முடிவு அறிவிக்கப்பட்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி இந்தத் தலத்தையும் உள்ளடக்கியிருந்தது. கவசங்களைத் துளைக்கும் குண்டுகளுக்குப் பயன்படும் இந்த உலோகத்தின் உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவின் கையில் இருப்பதால், அதைத் தேடும் தேவை நாட்டுக்கு உண்மையாகவே உண்டு என்று வழிகாட்டி மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகே, சோறும் தண்ணீரும் தரும் நிலத்தைக் கெடுத்துப் பெறும் ஆயுதம் எதைக் காக்கும் என்று கேட்கிறார். இந்த நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது. மக்கள் போராட்டமும் சுரங்கத்துக்கு எதிரான டிசம்பர் 9 சட்டமன்றத் தீர்மானமும் 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானதும் சுருக்கமாகச் சொல்லப்படுகின்றன, அது போதும்.

குறை ஒன்று உண்டு. காலநிலையைப் பாதுகாப்புப் பிரச்சினையாக ஏற்கும் வரைவுத் தீர்மானத்தை 2021 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ரஷ்யா தன் ரத்து (வீட்டோ) அதிகாரத்தால் வீழ்த்தியபோது, இந்தியாவும் எதிர்த்தே வாக்களித்தது; காலநிலை பற்றிய பேச்சு எல்லா நாடுகளும் அமரும் காலநிலை மாநாட்டில்தான் நடக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. விரிவாக விவாதிக்க வேண்டிய இச்செய்தி, வெயில் ஏறிய பின் இறங்கும் அவசரத்தில் இரண்டே வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. இதைக் கண்மாய்க் கரை நிழலில் வைத்து, ஆயக்கட்டு விவசாயி ஒருவரையும் பேசச் செய்தால், மலையேற இயலாத முதியோரும் அங்கிருந்தே கலந்துகொள்ளலாம்.