மலையா, அரங்கமா, பஸ்ஸா, வகுப்பா: வரலாற்று மையங்கள் கூப்பிட்டால் எதற்குப் போகலாம்?

மதுரையில் இருந்துகொண்டு “எனக்கு வரலாறு பிடிக்கும்” என்று வாய்தவறி ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், நாலு வாட்ஸ்அப் குழுவில் உங்களைச் சேர்த்துவிடுவார்கள். ஒன்றில் ஞாயிறு காலை சமணமலை நடை, ஒன்றில் சாயங்காலம் ஆறு மணிக்கு உரை, இன்னொன்றில் “புதுக்கோட்டை ஒருநாள் தொல்லியல் பயணம், ஏசி பேருந்து, மதிய உணவு உண்டு”, கடைசியாகக் கல்வெட்டு வாசிப்புப் பயிற்சி. எல்லாவற்றுக்கும் போக ஆசைதான். ஆனால் மாதத்தில் இருப்பது நாலு ஞாயிறு, அதில் ஒன்று கல்யாணத்துக்கும் ஒன்று காதுகுத்துக்கும் போய்விடும். நான் நாலு வகைக்கும் போய்ப் பார்த்துவிட்டேன், அதனால் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் நடை. இந்த ஊரில் அது பழக்கமானதற்கு முக்கியக் காரணம் பசுமை நடை. 2010இல் யானைமலையைக் குடைந்து சிற்பநகரம் அமைக்கும் பேச்சு எழுந்தபோது உருவான குழு, அன்றிலிருந்து மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறது. கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு என்று பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடங்கள், ஆனால் யாராவது கூப்பிடாவிட்டால் நாமாகப் போகவே மாட்டோம்.

நடையின் பலம் அந்த நேரம். ஆறரை மணிக்குக் கீழக்குயில்குடி அய்யனார் கோயில் முன்னால் போய் நின்றால் தாமரைக்குளத்தில் பூ விரிந்திருக்கும், பாறை இன்னும் சுட ஆரம்பித்திருக்காது. அங்கிருந்து சமணமலையில் படி ஏறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனால் சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் என்னும் சமண குருமார்களின் சிற்பங்கள், அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்துகொடுத்தவர்களின் பெயர். இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமண மடத்தின் அடித்தளம் மட்டும் மிச்சம். இதையெல்லாம் வகுப்பு போலச் சொல்லாமல், மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் நின்று சொல்வார். அப்போது கேட்பது மண்டையில் தங்குகிறது. அப்புறம் ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். அரிட்டாபட்டியில் குடைவரைக் கோயிலையும் அதிலுள்ள லகுலீசர் என்ற சிவ வடிவத்தையும் காட்டி முடித்த பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்மாய்களைப் பற்றியும் மலையில் கூடு கட்டும் ராஜாளிகளைப் பற்றியும் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. 2022 நவம்பரில் அந்த இடம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது, ஊர்கள் திரண்டு போராடியதில் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. இந்த வரிசையைப் பேப்பரில் படிப்பது வேறு, அந்தப் பாறை மேல் உட்கார்ந்து கேட்பது வேறு.

குறை இல்லாமல் இல்லை. கூட்டம் நூறைத் தாண்டினால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் காதில் விழாது. பாதிப் பேர் செல்ஃபிக்கு நிற்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்களை “மெதுவா வாங்கம்மா, கொஞ்சதூரந்தான்” என்று ஏற்றிவிடுவார்கள், அது கொஞ்சதூரமாக இருக்காது. என் அக்கா மகனைக் கூட்டிப்போனபோது அவன் அந்த வட்டெழுத்தைப் பார்த்து, “இது என்ன டிசைன் மாமா?” என்றான். எழுத்துடா என்றேன். “படிங்க பாப்போம்” என்றான். நான் தண்ணி பாட்டிலைத் திறந்துகொண்டேன்.

இப்போது பேருந்துப் பயணம். காசு அதிகம் வாங்குவதும் இதுதான், மனக்குறை அதிகம் தருவதும் இதுதான். நான் போன ஒன்றில் (யார் நடத்தியது என்பது வேண்டாம், நல்ல மனிதர்கள்தான்) ஒரே நாளில் திருமயம், சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். படிக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். திருமயம் கோட்டையில் குழுப்படம் எடுக்க அரை மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி இருபது நிமிஷம், அப்பளம் தீர்ந்துபோய் மறுபடி பொரிக்கச் சொன்னதால். சித்தன்னவாசலில் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரைக்குக் கிடைத்தது பதினைந்து நிமிஷம். அந்தக் குடைவரைக்குள் வெயிலிலிருந்து நுழைந்தால் முதலில் எதுவுமே தெரியாது. கண் பழகி, தலையை நிமிர்த்தி வைத்து, விதானத்தில் தாமரைக் குளமும் அதில் மீனும் யானையும் பூப்பறிக்கும் ஆளும் ஒவ்வொன்றாக மேலே எழுந்துவர அஞ்சு நிமிஷமாவது ஆகும். அதற்குள் “அடுத்த பேட்ச் வரணும், நகருங்க” என்றார்கள். சமணத் துறவிகளின் பதினேழு கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் என்ற குகை அதே குன்றில்தான் இருக்கிறது. ஏற நேரமில்லை என்று கீழே நின்று கையைக் காட்டிவிட்டார்கள். நார்த்தாமலை விஜயாலய சோழீச்சுரத்தை இருட்டில் போய்ப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று விட்டே விட்டார்கள். அதாவது முன்னூறு வருஷப் பழமையுள்ள கோட்டைக்கு நேரம் இருந்தது, ஆயிரம் வருஷத்தைத் தாண்டிய கோயிலுக்கு இல்லை.

அதற்காகப் பஸ் டூரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அழைப்பிதழில் இடங்களை எண்ணுங்கள். இரண்டு அல்லது மூன்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டலாம். நாலுக்கு மேல் போனால், அந்தக் காசில் நீங்களும் நண்பர்கள் மூணு பேரும் ஒரு கார் எடுத்துச் சித்தன்னவாசலுக்கு மட்டும் போய் வாருங்கள். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போக வேண்டும் என்றால் மட்டும் பஸ்தான் சரி. ஆட்கள் பேச்சுத்துணைக்குக் கிடைப்பார்கள், தனியாகக் காரில் போனால் அது கிடைக்காது.

கீழடி பற்றியும் கேட்பார்கள். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்துக்கு எந்தக் குழுவின் தயவும் தேவையில்லை, வாரநாளில் காலையில் நீங்களே போய்விடுங்கள். அவ்வளவுதான்.

அரங்க உரையை நான் ரொம்ப நாள் குறைத்தே மதிப்பிட்டிருந்தேன். காரணம் உரை அல்ல, உரைக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பவை. ஆறு மணிக்கு என்று போட்டுவிட்டு ஆறே முக்காலுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பேச்சாளர் அறிமுகம், பொன்னாடை. பேச வந்தவர் எழும்போது ஏழரை ஆகியிருக்கும், ஒன்பதுக்கு அரங்கத்தைக் காலி செய்ய வேண்டும், கேள்வி நேரம் காலி. சென்னைக்காரர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை அங்கே மாதாமாதம் உரை நடத்தி யூடியூபிலும் போடுகிறது, அறிமுகத்தைத் தள்ளிவிட்டு நேராக விஷயத்துக்குப் போகலாம்.

ஆனால் உரையால் மட்டும் முடிகிற ஒன்று உண்டு. மாங்குளம் கல்வெட்டை நான் மலையில் பார்த்திருக்கிறேன். குகையின் நெற்றியில் தலைக்கு மேலே இருக்கும், கழுத்து வலிதான் மிச்சம். அதையே திரையில் பெரிதாகப் போட்டு, 1882இல் ராபர்ட் சீவெல் கண்டது, அது எந்த மொழி என்றே முதலில் பிடிபடாமல் இருந்தது, 1965இல் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைப் படித்துக் காட்டியது என்று ஒருவர் ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டியபோதுதான், நான் அண்ணாந்து பார்த்தது என்ன என்றே எனக்குத் தெரிந்தது. அதனால் என் கணக்கு இது: உரை தனியாக நின்றால் சுமார், அடுத்த வாரம் அந்த இடத்துக்கே போகப் போகிறீர்கள் என்றால் பிரமாதம்.

கடைசியாகக் கல்வெட்டு வகுப்பு. இதற்குத்தான் கூட்டமே வராது. நான் சேர்ந்த வகுப்பில் முதல் நாள் நாற்பது பேர், எட்டாவது வாரம் பதினோரு பேர். காரணம் புரிகிறது. பழைய கல்வெட்டில் புள்ளி இருக்காது, எ-ஏ வித்தியாசம் இருக்காது, காலும் ர-வும் ஒரே கோடு. “கொமாறஞசடையன” என்று இருப்பதைக் கோமாறஞ்சடையன் என்ற பாண்டிய மன்னன் பெயராக நாமே நிரப்பிப் படிக்க வேண்டும். பாண்டிய நாட்டில் கூடுதல் தொல்லை: சோழர் வந்து பிடிப்பதற்கு முந்தைய கல்வெட்டுகளில் பெரும்பாலானவை வட்டெழுத்து. அதில் ப எது வ எது என்று சொல்லவே எனக்கு ஒரு மாதம் ஆனது. மூன்றாவது வாரம் படியெடுக்கக் கூட்டிப்போனார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, அது காய்ந்துவரும் பதத்தில் மை ஒற்ற வேண்டும். பதம் தப்பினால் காகிதம் கிழியும், அல்லது எல்லாம் ஒரே கறுப்பாகும். என்னுடையது இரண்டும் ஆனது.

ஆனாலும் நாலில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் இதைத்தான் எடுப்பேன். செலவு குறைவு, நாள்தான் அதிகம். மற்ற மூன்றிலும் யாராவது சொல்ல நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே மட்டும்தான் சொல்பவர் இல்லாமல் ஒரு சுவர் முன்னால் நிற்கப் பழகுகிறோம். எங்கள் பக்கத்துக் கோயிலில் இருபது வருஷமாகப் பிரகாரம் சுற்றுகிறேன். சுண்ணாம்புக்கு அடியில் நிலக்கொடைக் கணக்கும், தர்மத்தைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற சாபமும் இருப்பது போன வருஷம்தான் கண்ணில் பட்டது. புதிதாக வருபவர்களிடம் முதலில் இரண்டு நடை போங்கள், ஆசை ஒட்டிக்கொண்டால் வகுப்பில் சேருங்கள் என்றுதான் சொல்வேன். எடுத்த எடுப்பில் வகுப்புக்கு வந்தவர்கள்தான் பாதியில் நின்றுபோன அந்த இருபத்தொன்பது பேர்.

வகுப்பு முடிந்த மாதம் அதே பையனைக் கூட்டிக்கொண்டு மறுபடி பேச்சிப்பள்ளம் ஏறினேன். செல்ஃபோன் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து தனியாகத் தெரியும், அதை அவனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு எழுத்துக்கூட்டினேன். ஒரு வரிக்கு இருபது நிமிஷம். அச்சணந்தி... தாயார்... குணமதியார்... செய்வித்த திருமேனி. அச்சணந்தி என்பவர் ஒரு சமணத் துறவி.

“அப்போ இது அவங்க அம்மா செஞ்சு வெச்சதா மாமா?”

“ஆமாடா.”

“எதுக்கு?”

அதைக் கல்லில் எழுதவில்லை என்றேன். கீழே பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது, இறங்கிவிட்டோம்.