செட்டிபாளையமா, இருங்காட்டுக்கோட்டையா?

மதுரையில் பைக்கை முறுக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முறைப்படி ரேஸ் ஓட்டத்தான் டிராக் கிடையாது. ரிங் ரோட்டில் ராத்திரி நடப்பதை நான் ரேஸ் கணக்கில் சேர்க்கவில்லை. எதிரே லாரி வரும் இடத்தில் என்ன பந்தயம்? ஆசை நிஜமென்றால் வெளியூர் போகத்தான் வேண்டும்: ஒன்று கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, இல்லையென்றால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்.

தூரத்தில் போட்டியே இல்லை. ஆரப்பாளையத்தில் கோவை பஸ் ஏறினால் சுமார் 210 கிலோமீட்டர். மற்றது அதைப்போல இரண்டு மடங்கு. டயரும் டூல்ஸும் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இந்த வித்தியாசம் டீசல் காசில் தெரியும்.

இருங்காட்டுக்கோட்டை 1990இல் வந்தது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். கரி 2003இல் திறந்தது, வெறும் 2.1. சின்னது என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள். பழகுபவருக்கு அதுதான் லாபம் என்பேன். 30 கிலோமீட்டர் ஓட்டினால் பெரிய டிராக்கில் ஒரு கார்னரை, அதாவது வளைவை, 8 முறைதான் பார்ப்பீர்கள், இங்கே 14 முறை. பிரேக்கைச் சீக்கிரம் பிடித்துவிட்டீர்களா, அதைத் திருத்த அடுத்த லேப் உடனே வந்துவிடும். நீளமான ஸ்ட்ரெயிட்டில், அதாவது வளைவில்லாத நேர்ப்பாதையில், இன்ஜின் பலத்தால் தப்பிக்கிற வேலையும் இங்கே அவ்வளவாகச் செல்லாது.

அதற்காகக் கார் ரேஸர் நரேன் கார்த்திகேயனைக் கரியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கோவைக்காரர்தான், ஆனால் ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரில் அவர் பழகியது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். கரி திறந்தபோது அவர் ஐரோப்பாவில் ஓட்டிக்கொண்டிருந்தார். 2005இல் ஃபார்முலா 1. ஆனால் அந்த ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்தவர் எஸ். கரிவரதன். அவர் பெயரைத்தான் டிராக்குக்கு வைத்திருக்கிறார்கள். உள்ளூர் இன்ஜினை வைத்துக் கட்டுப்படியாகும் ஒற்றை இருக்கை ரேஸ் கார் என்பது அவர் போட்ட பாதை. அதே வழியில் வந்த ஃபார்முலா எல்ஜிபி கார்கள் இன்று கரியில் ஓடுகின்றன.

சரி, பெரிய டிராக் எதற்கு? வேகத்துக்கு. ஆக்ஸிலேட்டரை விடாமல் எடுக்க வேண்டிய வேகமான கார்னரில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சின்ன டிராக் முழுசாகச் சொல்லித்தராது. தேசியப் பட்டம், வெளிநாடு என்று கனவிருந்தால் இருங்காட்டுக்கோட்டை போயே தீர வேண்டும். ஆனால் அது இரண்டாவது சீசனுக்கு அப்புறம். எங்கே ஓட்டினாலும் போட்டிக்கு எஃப்எம்எஸ்சிஐ, அதாவது இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு, தரும் லைசென்ஸ் வேண்டும். ஆர்டிஓ கொடுத்தது மட்டும் போதாது.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கும் என் ஓட்டு கரிக்குத்தான். போன வண்டி சீக்கிரம் திரும்பி வரும். முடிந்தால் முந்தின நாள் பயிற்சி ஓட்டத்துக்கே போய்விடுங்கள். யார் எந்தக் கார்னரில் நேரத்தை விடுகிறார் என்று அப்போதே பிடிபடும்.