பம்ப், பையன், நடுவில் ஒரு டியூப்

போன வாரம் ஒரு தங்கை போனில் கேட்டாள்: "அக்கா, நீங்க மூணு வருஷத்துக்கு மேல இன்சுலின் பம்ப் போட்டிருக்கீங்களே, நானும் வாங்கவா? பாப்பா இப்பதான் புடிச்சுப் புடிச்சு நிக்கிறா." அவளுக்கும் என்னைப் போல டைப் 1 நீரிழிவு, உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை. பேசல் (நாள் முழுக்கப் போகும் அடிப்படை இன்சுலின்), போலஸ் (சாப்பாட்டுக்குப் போடும் டோஸ்), கார்ப் (மாவுச்சத்து) கணக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. அதனால் டியூபைப் பற்றி மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

இடுப்பில் இன்சுலினைச் செலுத்தும் பம்ப், பின்னிடுப்பில் தோலுக்குள் போகும் சின்னக் குழாயான கேனுலா, இரண்டுக்கும் நடுவில் நூல் மாதிரி டியூப். மாசமாவதற்கு முன்பே மாட்டியது இது. அப்போதெல்லாம் டியூப் இருப்பதே மறந்துவிடும். பையன் தவழ ஆரம்பித்த பிறகு ஒரு நாள்கூட மறந்ததில்லை. இப்போது அவனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம்.

எனக்குக் கிடைப்பது 60 செ.மீ., 110 செ.மீ. என்று இரண்டு நீளம். 110 போட்டால் வளையம் வெளியே வந்து அவன் கையில் சிக்கும். 60 போட்டால் தளர்வே இருக்காது, மடியில் ஏறும்போது கால் பட்டாலே இழுப்பு நேராகக் கேனுலாவுக்குப் போகும். சேலை என்றால் பாவாடை நாடாவில் செருகலாம், சுடிதார் என்றால் பேன்ட் இடுப்பில். ஆனால் வீட்டில் நாள் முழுக்க நைட்டிதான், அதற்கு ஏது இடுப்பு? பெல்ட்டை நினைத்துக் கிளிப் செய்தவர்கள் நைட்டி போடும் அம்மாவை நினைக்கவில்லை. எனக்கு இது உண்மையான கோபம். கடைசியில் டெய்லரிடம் கொடுத்து ஐந்து நைட்டிக்கு உள்பை தைத்து வாங்கினேன். கேனுலாவுக்குப் பக்கத்தில் டியூபை ஒரு சுற்றுச் சுற்றி அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டுகிறேன். இழுத்தால் முதலில் பிளாஸ்திரிதான் வரும். சித்திரை வெயிலில் வியர்த்துவிட்டால் அதுவும் நிற்காது.

அவள் கேட்டதற்கு முந்தின ராத்திரி நடந்தது இது. பையன் தூக்கத்தில் உருண்டு என் மேல் காலைப் போட்டிருக்கிறான். கேனுலா தோலை விட்டு வெளியே வந்துவிட்டது, மேலே பிளாஸ்திரி ஒட்டினபடியே இருக்கிறது. பம்ப் வாய் திறக்கவில்லை. அடைப்பு இருந்தால்தான் அது கத்தும். இன்சுலின் உடம்புக்குள் போகிறதா, நைட்டிக்குப் போகிறதா என்று அதற்குத் தெரியாது. சுகரை விடாமல் பார்த்துச் சொல்லும் பழைய சென்சார் முடிந்து, புதியதைக் காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். விடியற்காலை நாக்கு வறண்டு எழுந்தால் இடுப்புப் பக்கம் ஈரம், மருந்துக்கடை வாசனை. இன்சுலின் வாசனை நமக்குத் தெரியாதா? சுகர் 346. இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோன் 1.2.

பம்புக்கு முன் இன்சுலின் பேனாவில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் பயம் இவ்வளவு இல்லை. ராத்திரி போடும் நீண்ட நேர இன்சுலின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும். வரத்து நின்றால் சில மணி நேரத்திலேயே உடம்பில் ஒன்றும் மிஞ்சாது, கீட்டோன் ஏற ஆரம்பிக்கும். பேனாவில் திருத்த டோஸ் போட்டு, தண்ணீர் குடித்து, புது செட் மாட்டி முடிப்பதற்குள் அவன் எழுந்து பால் கேட்டு அழுதான். ஒரு கையில் அவன், மறு கையில் கீட்டோன் ஸ்ட்ரிப். அன்று அழுதுவிட்டேன்.

இதே பம்ப்தான் எனக்கு மிச்சச் சோற்றைத் திருப்பிக் கொடுத்தது. அதையும் சொல்ல வேண்டும். பையன் பருப்பு சாதத்தில் பாதியை வைத்துவிட்டு ஓடுவான். நான் என் சாப்பாட்டை முடித்து, அதற்கு ஊசியும் போட்டு முக்கால் மணி ஆகியிருக்கும். பேனாக் காலத்தில் அந்த நாலு வாய்க்கு இன்னொரு ஊசி. இல்லாவிட்டால் தட்டைக் கழுவ வேண்டியதுதான். சோற்றைக் கொட்ட எனக்கு மனசு வராது. இப்போது சுமார் 15 கிராம் கார்ப் என்று அடித்தால், உடம்பில் இன்னும் மிச்சமிருக்கும் இன்சுலினையும் சேர்த்துப் பார்த்து 1.2 யூனிட் என்று சொல்கிறது. பட்டனை அழுத்திவிட்டு அவன் தட்டிலேயே சாப்பிடுகிறேன். இந்தச் சின்னச் சந்தோஷத்தை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று பார்க். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பேசலைக் குறைத்துவிடுவேன். முந்தின ராத்திரி போட்டுக்கொண்ட நீண்ட நேர ஊசியைச் சாயங்காலம் திரும்ப எடுக்க முடியுமா? சறுக்கு மரத்தடியில் சுகர் 58-க்கு இறங்கி நின்றுகொண்டு, அவனையும் பார்த்துக்கொண்டு குளுக்கோஸ் டப்பாவைத் தேடிய நாட்கள் நின்றுபோயின. அவன் பட்டனை அழுத்திவிடுவானோ என்ற பயமும் வீண், திரையைப் பூட்டலாம்.

டியூபே இல்லாத, தோலில் ஒட்டும் ஆம்னிபாடுக்கு அமெரிக்காவில் 2005-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. நான் இன்னும் பிளாஸ்திரி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

தங்கைக்கு நான் சொன்ன பதில்: இப்போது வாங்காதே. பாப்பாவுக்கு மூன்று வயதாகட்டும், 'இழுக்காதே' என்றால் புரியட்டும். இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டாள். 346 பார்த்த வாரத்தில் என் வாயில் வேறு பதில் வராது.

டாக்டரிடம் பேசி வாங்கியே தீருவேன் என்றால் கேனுலாவைப் பின்னிடுப்பில் போடு, குழந்தை தூங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். சென்சாரில் ஒரு ராத்திரிகூட இடைவெளி விடாதே. பேனாவைத் தூக்கிப் போட்டுவிடாதே, ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நைட்டிக்கு உள்பை தைக்கும் டெய்லர் நம்பரை அனுப்பியிருக்கிறேன்.